மருத மரத்தடியில் மாறியிருந்த பலகை: பள்ளி இயற்கை மன்றப் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் பள்ளியின் இயற்கை மன்றத்தில் 7 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் 34 மாணவர்கள் இருக்கிறார்கள். நான் அதன் பொறுப்பாசிரியை. பறவை பார்ப்பதுதான் மன்றத்தின் முக்கிய வேலையாக இருந்துவந்தது. கொண்டலாத்தியைப் பறக்கும் தோரணையை வைத்தே அடையாளம் சொல்லிவிடும் பிள்ளைகளிடம், அது வந்து உட்கார்ந்த மரம் எது என்று கேட்டால் "ஏதோ ஒரு மரம், டீச்சர்" என்பார்கள். செடிகொடிகள் கண்ணுக்கு முன்னால் இருந்தும் மனத்தில் பதியாமல் போகும் இந்த நிலைக்கு, அமெரிக்கக் கல்வியாளர்களான ஜேம்ஸ் வாண்டர்சியும் எலிசபெத் ஷுஸ்லரும் 1999இல் 'தாவரக் குருட்டுத்தன்மை' என்று பெயர் வைத்தார்கள். பார்வையற்றோரைப் புண்படுத்தும் சொல் அது என்று இப்போது பலர் தவிர்க்கிறார்கள். பெயரை விட்டுவிட்டாலும் அது சுட்டும் குறை எங்கள் மன்றத்தில் இருந்தது. அதைப் போக்கத்தான் அந்த ஆண்டுப் பயணத்துக்குத் தாவரவியல் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

பூங்காவுக்கும் தாவரவியல் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புறப்படுவதற்கு முந்தைய வாரக் கூட்டத்தில் சொல்லியிருந்தேன். தாவரவியல் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் பதிவேட்டில் ஓர் எண் இருக்கும். அது எங்கிருந்து வந்தது, எப்போது நடப்பட்டது, யார் இனங்கண்டார்கள் என்ற விவரங்கள் அந்த எண்ணுக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும். இத்தாலியின் படுவா பல்கலைக்கழகம் 1545இல் இப்படி ஒரு தோட்டத்தை அமைத்தது. மருத்துவ மாணவர்கள் சரியான மூலிகையையும் அதைப் போலவே தோற்றம் தரும் வேறொன்றையும் பிரித்தறியப் பழக வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். இவ்வளவையும் சொன்ன நானே அந்த நோக்கத்துக்கு நேர்மாறான ஒரு பணித்தாளைத் தயாரித்தேன்.

முன்னேற்பாடு

பெற்றோர் ஒப்புதல் கடிதம், தோட்டத்தின் அனுமதி, முதலுதவிப் பெட்டி, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல் ஆகியவற்றில் குறையில்லை. ஆசிரியர்கள் மூவரும் பெற்றோர் இருவரும் உடன் வந்தார்கள்.

பணித்தாளில் 40 தாவரங்கள் இருந்தன. தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், குடும்பம், பயன் என்று நான்கு கட்டங்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஆசிரியர் போட்டு வைத்திருந்த பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டேன். தோட்டத்தை முன்கூட்டியே ஒரு நடை பார்த்துவிட்டு வரவில்லை. எங்களுக்குக் கிடைத்த நேரம் இரண்டரை மணி. நடக்கிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஒரு தாவரத்துக்கு நான்கு நிமிடம்கூடத் தேறாது. இந்த வகுத்தல் கணக்கை வீட்டில் உட்கார்ந்தே போட்டிருக்கலாம். போடவில்லை.

முதல் ஒரு மணி நேரம்

9 மணிக்கு உள்ளே நுழைந்தோம். முதல் பத்து நிமிடத்திலேயே பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு குழு 1 முதல் 10 வரை, அடுத்த குழு 11 முதல் 20 வரை என்று பங்கு போட்டுக்கொண்டு, பிறகு தாள்களை மாற்றி எழுதிக்கொள்வது என்று தங்களுக்குள் ஏற்பாடு. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. வேலை எழுதுவதென்றால் அதை விரைவாக முடிக்கத்தானே பார்ப்பார்கள்.

நான் கவனித்தது அவர்களுடைய பார்வை போன திசையை. மரத்துக்கு மரம் ஓடினார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்தார்கள், எழுதினார்கள், நகர்ந்தார்கள். முதல் அரை மணி நேரத்தில் நிமிர்ந்து கிளையைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அல்லிக் குளத்தில் அமேசான் பேரல்லி பூத்திருந்தது. அதன் பூ முதல் நாள் இரவில் வெள்ளையாக விரிந்து, வண்டுகளை உள்ளே வைத்து மூடிக்கொண்டு, மறுநாள் இரவில் இளஞ்சிவப்பாகத் திறக்கும். அன்று காலை ஒரு வெள்ளைப் பூ மூடத் தொடங்கியிருந்தது, பக்கத்தில் சிவந்த பூ ஒன்று வாடிக் கிடந்தது. ஒரே செடியில் இரண்டு நிறம் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தாள்களைத் திருத்தும்போது ஏழு பேர் 'பயன்' என்ற கட்டத்தில் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பலகையில் கடைசி வரி அதுதான். சிரிப்பு வந்தது, ஆனால் அந்தக் கட்டத்தைப் போட்டுக் கொடுத்தது நான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் குழுவில் பின்தங்கி நடந்தாள். பையில் தண்ணீர் பாட்டில் கசிந்து அவளுடைய பணித்தாள் கூழாகிவிட்டது. எழுதுவதிலும் அவள் கொஞ்சம் மெதுவானவள். "பக்கத்தில் இருப்பவளோடு சேர்ந்து எழுதிக்கொள்ளம்மா" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டேன். அவள் எழுதவில்லை. கையில் வேலையில்லாததால் கீழே கிடந்த காய்களைப் பொறுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்போது அதைச் சோம்பல் என்று குறித்துக்கொண்டேன்.

10 மணிக்கு எடுத்த முடிவு

உடன் வந்த ஆசிரியர்களோடு ஓரமாக நின்று பேசினோம். ஒருவர், தொடங்கியதை முடித்துவிடலாம், நடுவில் மாற்றினால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. மீதி ஒன்றரை மணி நேரத்தையும் இப்படியே விட்டால் 40 பெயர்கள் தாளுக்கு வரும், ஒரு மரமும் வீட்டுக்குக் கூட வராது என்பது என் எண்ணம். கடைசியில் பணித்தாளை நிறுத்துவது என்று முடிவு செய்தோம்.

புதிய ஏற்பாடு இதுதான். இருவர் இருவராக ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரை மணி நேரம் அதனடியில் இருக்க வேண்டும். முதல் இருபது நிமிடம் பலகையைப் படிக்கக் கூடாது, பையையோ தொப்பியையோ வைத்து மறைத்துவிட வேண்டும். பட்டை, இலை அடுக்கு, உதிர்ந்து கிடப்பவை, மரத்தில் வாழும் பூச்சி எது கண்ணில் பட்டாலும் வரைய வேண்டும். பிறகு பலகையைத் திறந்து, தாங்கள் பார்த்ததோடு ஒப்பிட வேண்டும். கிளையிலிருந்து எதையும் பறிக்கக் கூடாது, கீழே கிடப்பதை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட வேண்டும்.

"அப்போ எழுதினதெல்லாம் வீணா?" என்று ஒரு பையன் கேட்டான். 22 தாவரங்களை முடித்திருந்தான். அவனுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கள்ளிப் பகுதியில் நடந்தது

இந்த மாற்றத்தால் பிள்ளைகள் தோட்டமெங்கும் சிதறினார்கள். ஐந்து பெரியவர்களால் 17 இணைகளையும் கண்பார்வையில் வைத்திருக்க முடியவில்லை. அவசரமாக மாற்றியதன் விலை இது.

10:40 அளவில், கள்ளிப் பகுதியில் இருந்த எட்டாம் வகுப்பு மாணவன் திருகுகள்ளியின் நுனியை ஒடித்துவிட்டான். பால் வருமா என்று பார்க்கத்தான். அதற்கு முன் அங்கிருந்த தோட்டப் பணியாளர் அவனிடம், முள்ளும் சதைப்பற்றும் இருப்பதாலேயே எல்லாம் ஒரே குடும்பம் ஆகிவிடாது, ஒடித்தால் வெள்ளைப் பால் வடிவது கள்ளி, பெயரில் கள்ளி இருந்தாலும் சப்பாத்திக்கள்ளியில் அப்படி வராது என்று சொல்லியிருக்கிறார். வறண்ட நிலத்தில் வாழ இரண்டு வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியாக ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்த கதை அது, நல்ல பாடம். பையன் பாடத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டான். விரலில் பட்ட பாலோடு கன்னத்தைத் துடைத்துக்கொண்டான்.

திருகுகள்ளிப் பால் தோலை எரிக்கும். கண்ணில் பட்டால் கருவிழியையே புண்ணாக்கும். உடனே வலிக்க வேண்டும் என்பதில்லை, சில மணி நேரம் கழித்தும் வேதனை கூடலாம். "கண்ணில் படல, மிஸ்" என்று அவன் என்னுடன் வந்த ஆசிரியையிடம் உறுதியாகச் சொன்னான். அதை நம்பி விட்டுவிடுவதில்லை என்று அவர் முடிவெடுத்தார். அது சரியான முடிவு. கையையும் கன்னத்தையும் சோப்புப் போட்டுக் கழுவவைத்தார், வெறும் தண்ணீரில் அந்தப் பிசுபிசுப்பு எளிதில் போகாது. கண்ணைத் தொடவிடாமல் கைகளைப் பிடித்துக்கொண்டு, சுத்தமான குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கண்ணையும் அலசவைத்தார். வீட்டுக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு, அருகிலிருந்த மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

மருத்துவர் முதலில் கேட்டது செடியின் பெயரை. பையனின் பணித்தாளில் தாவரவியல் பெயர் பிழையில்லாமல் எழுதப்பட்டிருந்தது. நான் நிறுத்திவைத்த அதே பணித்தாள். கண்ணுக்குப் பாதிப்பு இல்லை, கன்னத்தில் மட்டும் இரண்டு நாள் சிவப்பு இருந்தது. பெயர் எழுதுவதே வெட்டி வேலை என்று அன்று காலை எனக்குத் தோன்றியிருந்த எண்ணத்தை இது கொஞ்சம் தட்டிவைத்தது.

மருத மரத்தடியில்

கள்ளிப் பகுதிச் செய்தி எனக்கு வந்து சேர்ந்த அதே நேரத்தில், தாள் நனைந்துபோன அந்த மாணவி என்னைத் தேடி வந்தாள். அவளும் அவள் இணையும் ஒரு பெரிய மரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் பொறுக்கிய காய் அந்த மரத்தினுடையது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தாளாம். ஐந்து சிறகுகள் வைத்த காய்.

மறைத்திருந்த பலகையைத் திறந்து பார்த்தபோது 'நீர்மருது, டெர்மினேலியா அர்ஜுனா, காம்பிரெட்டேசியே' என்று இருந்திருக்கிறது. அதன் கீழே இரண்டு வரி விளக்கம்: வழவழப்பான வெளிர்சாம்பல் பட்டை, மெல்லிய தகடுகளாக உரியும். அவள் வரைந்திருந்த படத்தில் பட்டை கறுத்து, ஆழமாக வெடித்து, கட்டம் கட்டமாக இருந்தது. முதலைத் தோல் மாதிரி என்று ஓரத்தில் எழுதியிருந்தாள்.

நான் சொன்ன பதிலை மறைக்காமல் பதிவு செய்கிறேன். "பலகையில் இருப்பதை எழுதும்மா, தோட்டத்துக்காரங்களுக்குத் தெரியாதா?" என்றேன். மனம் கள்ளிப்பாலில் இருந்தது என்பது உண்மை. பலகை தவறாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை என்பதும் உண்மை.

அவள் வாதாடவில்லை. "டீச்சர், பட்டையைத் தொட்டு மட்டும் பாருங்க" என்றாள்.

தொட்டேன். வெடிப்புக்குள் விரல் முட்டிவரை போயிற்று. வழவழப்பு என்று எழுத எந்த வழியும் இல்லை.

அவளுடைய இணை ஒரு நல்ல கேள்வி கேட்டாள்: வயதானால் பட்டை வெடித்துப் போகுமோ? அதைச் சோதிக்க அருகிலேயே வழி இருந்தது. குளக்கரையில், பலகை இல்லாமல், இதே அளவு பருமனான இன்னொரு மரம் நின்றது. அதன் கீழும் ஐந்து சிறகுக் காய்கள் கிடந்தன. அதன் பட்டை வெளிறி, வழவழப்பாக, ஆங்காங்கே தகடு உரிந்து இருந்தது. இரண்டு மரத்தின் காய்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குளக்கரை மரத்தின் காயில் சிறகுகள் குறுகித் தடித்திருந்தன. இந்த மரத்தின் காயில் சிறகுகள் அகன்று மெல்லியவையாக இருந்தன. கீழே விழுந்த இலைகளையும் ஒப்பிட்டார்கள். பட்டை வெடித்த மரத்தின் இலையில், அடிப்பக்க நடுநரம்பின் மேல் காம்புக்கு அருகே சின்னக் காம்பு வைத்த சுரப்பி இருந்தது. இந்த அடையாளம் எனக்கே அப்போது தெரியாது. பள்ளிக்குத் திரும்பிய பிறகு மரங்களின் விளக்க நூலில் பார்த்துத்தான், கருமருதுக்கு, அதாவது டெர்மினேலியா எலிப்டிகாவுக்கு, இப்படிச் சுரப்பி இருக்கும் என்று தெரிந்துகொண்டோம்.

மரத்தில் ஆளுயரத்துக்கு மேல் கம்பியில் ஒரு சிறிய தகடு தொங்கியது. அதிலிருந்த பதிவு எண்ணும் தரையில் நட்டிருந்த பலகையின் எண்ணும் வேறு வேறாக இருந்தன. எண்களைப் பார்த்தது நான் அல்ல, அவளும் அல்ல. 22 தாவரங்களை எழுதி முடித்த அந்தப் பையன்தான், வேடிக்கை பார்க்க வந்தவன், எழுத்து எழுத்தாக ஒப்பிடும் பழக்கத்தில் கண்டுபிடித்தான்.

சொல்வதா, விடுவதா

அங்கேயே அலுவலகத்தில் போய்ச் சொல்லலாம் என்று பிள்ளைகள் துடித்தார்கள். மூன்று காரணங்களால் அன்று சொல்லவில்லை. ஒன்று, எங்களிடம் இருந்தது சந்தேகம், முடிவு அல்ல. இரண்டாவது, அப்போது ஒரு மாணவன் மருத்துவரிடம் போயிருந்தான், கிளம்புவதற்கு முன் தலை எண்ண வேண்டியிருந்தது. மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. பலகை மாறியிருந்தால் அதை நட்ட கை ஏதோ ஒரு தோட்டப் பணியாளருடையது. காலையிலிருந்து பிள்ளைகளுக்கு அக்கறையாகச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தாம். புகார் மாதிரிப் போய் அவர்கள் தலையில் விழக் கூடாது.

இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டோம். என் கைபேசியில் பட்டை, காய், இலை மூன்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம். அடுத்த வாரம் மன்றத்தில் கடிதம் எழுதினார்கள். முதல் வரைவில் 'உங்கள் பலகையில் உள்ள தவறைச் சுட்டிக்காட்டுகிறோம்' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, 'எங்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்துள்ளது' என்று மாற்றச் சொன்னேன். பாதிப் பேருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கண்டுபிடித்த பிறகு ஏன் பணிய வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. பணிவுக்காகச் சொல்லவில்லை, எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டும் எழுதுவதற்காக என்று விளக்கினேன். ஏற்றுக்கொண்டார்களா என்பது சந்தேகம்தான்.

பிறகு

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மழையில் நிறம் போன பலகைகளை வண்ணம் அடிக்க மொத்தமாக எடுத்திருக்கிறார்கள். திருப்பி நடும்போது, குளக்கரை மரத்தின் பலகை கருமருதின் கீழ் வந்துவிட்டது. கருமருதின் பலகை உடைந்துபோய்ப் புதிதாகச் செய்யக் காத்திருந்திருக்கிறது. பணியாளர்களின் பேச்சில் இரண்டுக்குமே பெயர் 'மருது'தான். "மருதுப் பலகையை மருதடியில் நடு" என்று சொன்னால் யாராக இருந்தாலும் இப்படித்தான் நட்டிருப்பார்கள். மரத்தில் தொங்கிய தகட்டின் எண்ணைப் பதிவேட்டில் பார்த்ததும் விஷயம் தெளிவாகிவிட்டதாம். அடுத்த சில மாதங்களில் இரண்டு மரத்துக்கும் சரியான பலகைகள் வந்தன.

மன்றத்தில் நடந்த மாற்றம் ஒரே சீராக இல்லை. பள்ளி வளாகத்து மரங்களுக்குத் தாங்களே பதிவேடு போடலாம் என்று சிலர் கிளம்பினார்கள். சிலர் பறவைக்கே திரும்பினார்கள். கருமருது பற்றித் தேடிய ஒருவன், 2024 மார்ச்சில் ஆந்திரத்தின் பாபிகொண்டா தேசியப் பூங்காவில் வனத்துறையினர் இந்த மரத்தின் பட்டையை வெட்டியதும் தண்ணீர் பீய்ச்சியடித்த செய்தியைக் கொண்டுவந்தான். அடுத்த கேள்வி, நாமும் ஒருமுறை வெட்டிப் பார்க்கலாமா என்பது. திருகுகள்ளியை நினைவூட்டினேன்.

அந்த மாணவி கொண்டாடப்பட்டாள், உண்மை. ஆனால் அவள் பார்த்ததற்கு நான் செய்த ஏற்பாடு காரணமல்ல. தண்ணீர் பாட்டில் கசிந்தது காரணம்.

மறுமுறைக்கு மாற்றியவை

அடுத்த பயணத்துக்கு முன் நான் தோட்டத்தை இரண்டு முறை நடந்து பார்த்தேன். 40 தாவரங்கள் எட்டாகக் குறைந்தன. அவற்றில் நான்கு இணைகள், பார்க்க ஒன்றுபோல் இருந்து உற்றுப் பார்த்தால் வேறாகத் தெரிபவை. முதலில் மரம், கடைசியில் பலகை என்ற வரிசை அப்படியே தொடர்கிறது. பெயர் எழுதும் கட்டத்தையும் நீக்கவில்லை. அதோடு பதிவு எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்.

பிள்ளைகள் சிதறுவதற்கு எல்லை வைத்தோம். ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும், ஒவ்வொரு பெரியவருக்கும் பொறுப்பான இணைகள் யார் என்பது முன்பே முடிவு. பால் வடியும் செடிகளைப் பற்றிப் புறப்படும் முன்பே படம் காட்டிச் சொல்கிறோம். 'தொடாதே' என்பதோடு நிறுத்தாமல் ஏன் என்றும் சொல்கிறோம். அந்தப் பையனுக்கு யாராவது ஏன் என்று சொல்லியிருந்தால் ஒடித்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

மாற்றாமல் விட்டது ஒன்றும் உண்டு. ஒரு பிள்ளை எழுதாமல் பின்னால் நடந்துவந்தால், அது கவனிப்பா சலிப்பா என்று இன்றைக்கும் எனக்கு உடனே தெரிவதில்லை. இப்போது பக்கத்தில் போய் என்ன பார்க்கிறாய் என்று கேட்கிறேன். பாதி நேரம் சலிப்புதான்.

இரண்டாவது கடிதம்

மறு ஆண்டுப் பயணத்தில் பிள்ளைகள் இன்னொரு பலகையைப் பிடித்தார்கள். நாற்றங்காலை ஒட்டி நின்ற ஓர் இளஞ்செடியில் 'பலா, ஆர்டோகார்பஸ் ஹெட்டிரோஃபில்லஸ்' என்று இருந்தது. இலைகளோ விரல் விரித்தாற்போல் பிளந்திருந்தன. பலா இலை முழுசாக, வழவழவென்று இருக்கும், இது நிச்சயம் வேறு மரம் என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். முந்தைய வெற்றியின் சூடு ஆறியிருக்கவில்லை. இந்த முறை வரைவில் 'சந்தேகம்' என்ற சொல்லை நான் சொல்லாமலே சேர்த்திருந்தார்கள்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. பலகை சரி. பலாவின் இளஞ்செடியிலும் புதுத்தளிரிலும் இலைகள் பிளவுபட்டு வருவதுண்டு, மரம் வளர்ந்த பிறகு முழு இலைகளே வரும். ஹெட்டிரோஃபில்லஸ் என்ற சொல்லின் பொருளே 'வேறுவேறு இலைகளையுடையது'. அந்தப் பெயரை எங்கள் பிள்ளைகள் பலர் முந்தைய ஆண்டுப் பணித்தாளில் எழுதியிருந்தார்கள், பட்டியலில் 17ஆவது.

கடிதத்தின் கீழே கையால் ஒரு வரி இருந்தது: "செடி இங்கேதான் இருக்கும், ஆண்டுதோறும் வந்து இலையைப் பாருங்கள்." மன்றப் பதிவேட்டில் அந்தப் பலாவின் எண்ணை எழுதி, அன்றைய இலையின் படத்தை ஒட்டி, அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு நான்கு கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.